ஒரே பாயில் அமர்ந்து படிக்க: சமத்துவம் பேசும் நூல்கள் எவை?

குடமுருட்டிக் கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வலங்கைமானை அடுத்த ஒரு சிற்றூரின் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். சங்கத்தின் பழைய உரக் கிடங்கு வெகுநாள் பூட்டிக் கிடந்ததால், தலைவரிடம் அனுமதி பெற்று, கடந்த ஆடி மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே வாசிப்புக் கூட்டம் நடத்திவருகிறோம். எத்தனை முறை கழுவிவிட்டும் யூரியா வாடை போகவில்லை. அதற்குள்ளேயே இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வந்து அமர்கிறார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி, பாலிடெக்னிக் மாணவர்கள், நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கும் எழுபது வயதுப் பாட்டி என்று எல்லா வயதினரும், ஊரின் எல்லாத் தெருவினரும் வருவதுதான் இந்தக் கூட்டத்தின் சிறப்பு. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது எங்கள் வழக்கம்.

இதுவரை நாட்டுப்புறக் கதைகளும் சோழர் காலக் கதைகளுமாகவே ஓட்டிவிட்டோம். இப்போது கேட்க வந்ததற்குக் காரணம் ஒரு டம்ளர். தண்ணீர்க் குடத்தின் மேல் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளரைத்தான் நான் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் யாரோ தம் வீட்டிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார்கள். எது யாருக்கு என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே பெரியவர்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி மட்டும் இரண்டிலும் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்துவிட்டு, "எதுக்கு சார் ரெண்டு?" என்று கேட்டாள். கூட்டம் பெருகிவிட்டதால்தான் என்று சொல்லி நழுவிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

ஆகவே, சமத்துவத்தையும் சமூக நீதியையும் பேசுகிற, எல்லா வயதினரும் ஒன்றாக அமர்ந்து படிக்கக்கூடிய நூல்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. இரண்டு ஐயங்களும் உண்டு. சாதியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால், இப்போதுதான் ஒன்றுசேர்ந்திருக்கும் கூட்டம் தெருவாரியாகப் பிரிந்துவிடுமோ என்பது ஒன்று. கீழ்வெண்மணி போன்றவற்றைச் சிறுவர்களுக்கு எந்த வயதில் சொல்வது என்பது மற்றொன்று.

மாயூரத்துத் தமிழாசிரியர் (மறுமொழி)

தம்பிக்கு வாழ்த்துகள். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: உங்கள் பாட்டிக்கு ஏற்கெனவே தெரிந்த கதையிலிருந்து தொடங்குங்கள். நம் பகுதியில் நந்தனார் கதை தெரியாத முதியவர்கள் மிகக் குறைவு. ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பக்தி இலக்கியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதைப் பண்ணையாளின் விடுப்பு விண்ணப்பமாகவும் படிக்கலாம். சிதம்பரம் போய்வர ஒரு நாள் விடை கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவனுடைய பண்ணையாரான வேதியர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியரே கிடையாது. தஞ்சைச் சீமையின் மிராசையும் பண்ணையையும் அன்றாடம் கண்டிருந்த பாரதியார்தான் அவரைக் கதைக்குள் கொண்டுவந்தார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேக்கிழார் வருணிக்கும் பாடல்களில் கோழிக் குஞ்சுகளும் நாய்க் குட்டிகளும் விளையாடும் பிள்ளைகளுமாக ஒரு குடியிருப்பு உயிரோடு எழுந்து நிற்கும்; உரை சொல்லிவிட்டால் சிறுவர்கள் அதை மிகவும் விரும்புவார்கள். வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே திருப்புன்கூரில் நந்தி விலகி இருப்பதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் சிலர் நேரிலும் பார்த்திருப்பார்கள். நந்தி விலகியதே, பிறகு நந்தன் ஏன் உள்ளே போகவில்லை, சிதம்பரத்தில் ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். நான் விடை சொல்லவில்லை. நீங்களும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு இன்னொன்று: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. திருவாரூரில் பிறந்து, மூவலூரில் வளர்ந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் எழுதிய நாவல். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னணியில் இத்தகைய பெண்களின் உழைப்பு இருக்கிறது.

ஊர்ப்புற நூலகர் (மறுமொழி)

கேட்டவர் ஆறாயிரம் ரூபாய் என்று சொல்லியிருப்பதால் முதலில் காசைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உரக்கப் படிக்கும் கூட்டத்திற்கு நாற்பது தலைப்புகள் தேவையில்லை. ஐந்தாறு நூல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று படிகள் வாங்குங்கள். படிப்பவர் தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்க முடியும், வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறவருக்கும் ஒன்று மிஞ்சும். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வழக்கமாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். பெரிய நாவல்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கிளை நூலகத்தில் உறுப்பினராகி எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறவர்கள் நாம்.

சிறுவர்களுக்கு என்னுடைய முதல் தேர்வு, தெத்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்'. சப்பானியப் பள்ளிக் கதை நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதில் ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டுவேன். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் முடங்கிய யசுவாகி-சானைத் தன் மரத்தின் மேல் ஏற்றிவிட டோட்டோ ஏணியை இழுத்துவந்து படும் பாடுதான் அந்த அத்தியாயம். அவள் அவனுக்காக இரங்கவில்லை. தன் மரத்துக்கு அவனை விருந்தாளியாக அழைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதைப் படித்துக் காட்டியபோது என் நூலகத்தில் ஒரு பையன் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்.

அடுத்தது 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் படங்களாக வரைந்த நூல், தமிழிலும் வந்திருக்கிறது. எழுத்துக்கூட்டும் பாட்டியும் மூன்றாம் வகுப்புச் சிறுமியும் ஒரே பக்கத்தைப் பார்த்து ஆளுக்கொன்று சொல்லக்கூடிய நூல் அது.

அம்பேத்கர் தாமே எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' மிகச் சிறியது. ஒரே மாலையில் முடிந்துவிடும். தந்தையைப் பார்க்க 1901-இல் சதாராவிலிருந்து புறப்பட்ட பிள்ளைகள், நல்ல உடை அணிந்து ரயிலில் போய் இறங்குகிறார்கள். அன்பாகப் பேசிக்கொண்டிருந்த நிலைய அதிகாரி, அவர்கள் என்ன சாதி என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்தும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார் என்று முடிவாகிறது. கூடையில் சோறு இருந்தும், தண்ணீர் கொடுப்பார் இல்லாமல் இரவு முழுவதும் பட்டினி கிடக்கிறார்கள். உங்கள் டம்ளர் கேள்விக்கு இதைவிட நேரான நூல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சொந்தப் பெருமையையும் சொல்லிக்கொள்கிறேன். மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் 1931-இல் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று விதி வகுத்து நூல் வெளியிட்டதும் அதே 1931-இல்தான். உரக் கிடங்கு அந்த வண்டிக்குக் குறைந்ததல்ல.

கடைமடை (மறுமொழி)

கீழ்வேளூர்ப் பக்கம். அரசுப் பேருந்தில் நடத்துநர். இரவுப் பணி முடிந்து இதை எழுதுகிறேன். சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எந்த வயதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஆறு வயதுப் பிள்ளைக்கு, எந்தக் கடையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், யார் வீட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தறிவதற்கு முன்பே தெரியும். அதற்குப் பத்து வயது ஆகட்டும் என்று எவரும் காத்திருந்து சொல்லிக்கொடுப்பதில்லை. தெரியாமல் வளர்வது ஒரு சலுகை. இரண்டு டம்ளர் எதற்கு என்று கேட்ட சிறுமி எந்தத் தெரு என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் கேட்காமல் ஒரே டம்ளரில் குடித்துவிட்டுப் போன பிள்ளைகளும் அந்தக் கிடங்கில் இருந்திருப்பார்கள், அவர்களை நீங்கள் கவனிக்கவில்லை.

அதே காரணத்தால், கூட்டம் பிரிந்துவிடும் என்ற அச்சத்தையும் நான் ஏற்கவில்லை. அது ஏற்கெனவே இரண்டு டம்ளராகப் பிரிந்துதான் இருக்கிறது.

வெண்மணியைப் பற்றி: 1968 டிசம்பர் 25 இரவு, பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாக இருந்த 44 பேர் இராமையாவின் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலியில் அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் கேட்டது நெல் மட்டும் அல்ல. செங்கொடியை இறக்கு, நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர் என்ற மிரட்டலுக்கு அவர்கள் பணியவில்லை என்பதுதான் மையம். இதைச் சொல்லாமல் தீயை மட்டும் சொன்னால், பிள்ளைகளுக்கு அச்சம்தான் மிஞ்சும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று நினைவிடத்துக்கு வருகிற கூட்டத்தில் கைக்குழந்தைகளும் இருக்கும். அங்கே எவரும் வயதுச் சான்றிதழ் பார்ப்பதில்லை.

நாவல்களில், சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை முதலில் எடுக்காதீர்கள். நல்ல எழுத்துதான், ஆனால் பண்ணையாரின் அந்தரங்கக் குறையைக் கொடுமைக்குக் காரணம்போல் முன்வைத்துக் கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று அது வந்த காலத்திலேயே விவாதம் நடந்தது, எனக்கும் அதுவே கருத்து. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' எங்கள் வட்டாரப் பேச்சிலேயே இருக்கிறது. நூறு நாள் வேலைப் பெண்கள் அதைப் படித்தால், எழுத்தாளரின் பிழைகளைக்கூடத் திருத்திச் சொல்வார்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்களை எரிந்தவர்களாகவும் அடிபட்டவர்களாகவும் மட்டுமே காட்டுகிற நூல்களை வரிசையாக வைத்துப் படித்தால், எங்கள் தெருப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மற்றத் தெருப் பிள்ளைகள் பாவம் என்று பார்ப்பார்கள். சமத்துவம் பேச வந்த கூட்டத்தில் அதைவிடக் கொடுமை வேறில்லை. எங்கள் பாட்டி பண்ணையாளாக இருந்தவர். தண்டனையாகப் புகட்டிய சாணிப்பாலும் சவுக்கடியும் அவருக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல. ஆனால் அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்ததையும், சங்கம் கட்டியதையும், அடித்தால் திருப்பிக் கேட்கலாம் என்று கற்றுக்கொண்டதையும் சேர்த்தேதான் சொல்வார். கன்னடம் பேசும் ஊரிலிருந்து வந்து, எங்கள் சேரிகளிலேயே தங்கி, கூழைக் குடித்துச் சங்கம் கட்டியவர் அவர். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வானத்திலிருந்து விழவில்லை. ஆகவே வென்ற கதைகளையும் படியுங்கள். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' மணலூர் மணியம்மையின் வாழ்க்கை. இளம் வயதில் கணவரை இழந்த பிராமணப் பெண், வேட்டி கட்டி, முடியைக் கத்தரித்துக்கொண்டு, சிலம்பம் பழகி, பண்ணையாட்களோடு வயல் வரப்பில் நின்றவர். ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்கள்' நாவலும் நம் வயல்களைப் பற்றியதுதான்.

பூந்தோட்டம் வாசகி (மறுமொழி)

கடைமடை அண்ணன் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். தமிழாசிரியர் ஐயா சொன்னதில் மட்டும் ஒரு சிறு மாறுபாடு. மூவலூர் அம்மையார் பெயரில் உள்ள உயர்கல்வி உறுதித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற்றுப் பட்டம் படித்தவள் நான். விண்ணப்பத்தில் அவர் பெயரை எழுதும்போது அவர் யார் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் எவருக்கும் தெரியாது. பிறகு ஆசையோடு அந்த நாவலைத் தேடிப் படித்தேன். பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு ஓடுகிறது. உரக்கப் படித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவருடைய வாழ்க்கையை நீங்களே பத்து நிமிடம் கதையாகச் சொல்லிவிட்டு, நாவலிலிருந்து இரண்டு பக்கம் மட்டும் படியுங்கள் என்பது என் கருத்து. கல்லூரிப் பெண்களுக்குத் தனியே பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' கொடுங்கள். சிறு நூல், விலையும் குறைவு. எங்கள் விடுதியில் ஒரே படி பதினோரு கை மாறி, அட்டை இல்லாமல் திரும்பி வந்தது.

கலப்பான கூட்டத்தில் உரக்கப் படிக்க, பாமாவின் 'கருக்கு' நூலில் ஓர் இடம் இருக்கிறது. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் நீட்டுவதைப் பார்க்கிறாள். பொட்டலம் அவிழ்ந்துவிடாதா என்று அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்ல, அவர் சிரிக்காமல் காரணத்தைச் சொல்கிறார். முதலில் சிரிக்கவைத்து, பிறகு அந்தச் சிரிப்பையே பறித்துக்கொள்கிற இடம் அது. எட்டு வயதுக்கும் புரியும், எண்பது வயதுக்கும் புரியும்.

இன்னொன்று, கேட்கலாமா என்று தெரியவில்லை: கூட்டத்துக்கு முன் அந்தக் கிடங்கைக் கூட்டிப் பாய் விரிப்பது யார்?

குடமுருட்டிக் கரை (மறுமொழி)

எல்லாருக்கும் நன்றி. பூந்தோட்டம் சகோதரிக்கு முதலில் விடை சொல்கிறேன்: நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களில் இருவர்தான் கூட்டிவந்தார்கள். நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு வாரங்களாகப் பாலிடெக்னிக் பையன்கள் கூட்டுகிறார்கள். மூலைகளை விட்டுவிடுகிறார்கள் என்று அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

கடைமடைத் தோழர் எழுதியதை மூன்று முறை படித்தேன். டம்ளரைப் பற்றிக் கேட்காத பிள்ளைகளை நான் கவனிக்கவில்லை என்பது உண்மை. அதனால் அம்பேத்கரின் வண்டிப் பயணத்தை விட்டுவிட்டு, சென்ற ஞாயிறு 'கருக்கு'ப் பகுதியையும், அடுத்து மணலூர் மணியம்மை சிலம்பம் பழகும் பகுதியையும் சேர்த்து வைத்தோம். பொட்டலம் வரும் இடத்தில், நீங்கள் சொன்னபடியே பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் காரணம் சொல்லும் வரி வந்ததும் கிடங்கு அடங்கிவிட்டது. அப்போது எழுபது வயதுப் பாட்டி, எவரும் கேட்காமலே, "எங்க காலத்துல டீக்கடையில கொட்டாங்கச்சி" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு அந்தக் கடை இருந்த இடத்தையும், கொட்டாங்கச்சியைக் கூரையின் எந்த மூலையில் செருகி வைப்பார்கள் என்பதையும், தன் தம்பி ஒருநாள் அத்தனையையும் எடுத்து வாய்க்காலில் மிதக்கவிட்டு அடி வாங்கியதையும் சொன்னார். ஏழு கொட்டாங்கச்சிகளும் வரிசையாக மிதந்து போயினவாம். அந்தக் கடைக்காரரின் பேரனும் பாயில்தான் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து போய்விடவில்லை. எதுவும் பேசவும் இல்லை.

அந்த வாரம் குடும்பத்தோடு வரும் இரண்டு பேர் வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மழை என்று சொல்லியனுப்பினார்கள். அன்று தூறல்தான். அவர்கள் வீட்டுக்கு நானே ஒருமுறை போய்வரலாம் என்றிருக்கிறேன்.

'டோட்டோ-சான்' மூன்று படிகளும் 'பீமாயணம்' இரண்டும் வாங்கியாயிற்று. 'செந்நெல்' கிளை நூலகத்தில் கிடைத்தது. 'சேற்றில் மனிதர்கள்' மட்டும் எங்கும் அகப்படவில்லை. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ எவரிடமாவது இருந்தால் இங்கே தெரிவிக்கவும், அறுவடைக்குள் படித்துத் திருப்பித் தந்துவிடுகிறோம். இரண்டு டம்ளர்களும் குடத்தின் மேல் அப்படியேதான் இருக்கின்றன. நூலகப் பிள்ளைகள் சிலரும் வரத் தொடங்கியிருப்பதால் மூன்றாவது ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.